வேலை முடிந்து வருபவர்களுக்கு

இடது தோளில், சாமான் தூக்கும் பட்டை உட்காரும் இடத்தில், வலி எனக்கு முன்னாலேயே எழுந்துவிடும். நான் கண் திறக்கும்போது அது முகம் கழுவி, சட்டை மாட்டி, வேலைக்குத் தயாராக உட்கார்ந்திருக்கும். வீட்டுச் சாமான் மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகத் தூக்குகிறவன் நான். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின். படிக்கட்டில் இறக்கும்போது மேலே ஒருவன் பிடிப்பான், கீழே ஒருவன் பிடிப்பான். மேலே இருப்பவன் வழி சொல்வான். கீழே இருப்பவன் எடையைத் தாங்குவான். நான் எப்போதும் கீழே. அதனால் கம்பெனியில் என் பெயரே கீழ்ப்பிடி என்றாகிவிட்டது. சம்பளப் பட்டியலில் மட்டும் வேறு பெயர்.

எங்கள் லாரியில் மூன்று பேர். ஓட்டுகிறவன் என் தங்கையின் புருஷன். படிக்கட்டில் மேல்பிடி அவன்தான் என்பதால், வயதில் சின்னவனாக இருந்தும் எனக்கு உத்தரவு போடுகிறவன். பொருள்களைப் போர்வையில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டுகிறவள் என் தங்கை. அவள் சுற்றிய கண்ணாடி இதுவரை உடைந்ததில்லை. அவள் வாயால் உடைத்தது நிறைய.

ஒரு குடும்பத்தின் மூன்று சம்பளம் ஒரே லாரியில் ஓடுகிறது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். கம்பெனியில் ஒரு விதி உண்டு. வாடிக்கையாளர் பொருளைத் திறந்து பார்த்தாலோ, எடுத்துப் புழங்கினாலோ, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். பேச்சே கிடையாது. இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு இழுப்பறையைக்கூட இழுத்துப் பார்த்ததில்லை.

வீடு மாறுகிறவர்கள் கடைசி நேரத்தில் எதையாவது கைவிடுவார்கள். லாரியில் இடம் இருக்கும், மனசில் இருக்காது. அப்படிக் கிடைத்ததுதான் மாப்பிள்ளையின் கிட்டார், கழுத்தில் விரிசலோடு. அடுத்த வருடம் நாலு கம்பி வைத்த பேஸ் கிட்டார் ஒன்று வந்தது, சத்தப்பெட்டி இல்லாமல். அதைத் தங்கை எடுத்துக்கொண்டாள்.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை கிடங்கு மேனேஜர் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார். அந்த ஒரு மணி நேரம் கிடங்கு எங்களுடையது. கூரைத் தகட்டில் நாலைந்து இடத்தில் வெளிச்சம் விடும் தகடு போட்டிருக்கும். அதிலிருந்து வெயில் சாய்வாக இறங்கும். போர்வை சுற்றிய சோபாக்களும் அலமாரிகளும் வரிசையாக, ஏதோ பெரிய பிராணிகள் நின்றுகொண்டே தூங்குவதுபோல் நிற்கும். தூசி மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் அந்த வெயிலில் தங்கியிருக்கும். சாப்பிட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று நமக்கே தெரியாது.

மாப்பிள்ளைக்குப் போனில் நாற்பது ஆசிரியர்கள். நாற்பது பேரிடமும் முதல் பாடம் மட்டும் படித்திருக்கிறான். ஒவ்வொருவரும் வீடியோவில் ‘இதுவரை கற்றதை மறந்துவிடுங்கள்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். இவனும் சொல்பேச்சு கேட்டு மறந்துவிடுவான்.

தங்கையிடம் ஒரு ஆப் இருந்தது. தாளம் சரியாக விழுந்தால் நட்சத்திரம் கொடுக்கும். தப்பினால் திரையில் ஒரு பூனை தலையைத் தொங்கப்போடும். அந்தப் பூனை முகம் வாடக்கூடாது என்பதற்காகவே அவள் தாளம் தப்பமாட்டாள். சத்தப்பெட்டி இல்லாத பேஸை வாசித்தால் வாசிப்பவருக்கே கேட்காது. அவள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். கிட்டாரின் தலையை ஒரு பெரிய மர அலமாரியில் சாய்த்து வாசிப்பாள். அலமாரி முழுக்க அதிரும். அதன் மேல் கன்னத்தை வைத்தால் அந்த ஒலி பல்லுக்குள் வந்து உட்காரும்.

“புழங்கக்கூடாதுன்னு விதி இருக்கு,” என்பேன் நான்.

“நான் எங்க புழங்குறேன்? சாஞ்சுக்கிட்டு இருக்கேன்,” என்பாள்.

எனக்கென்று ஒன்றும் இல்லை. பெட்டிமேல் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் அந்தப் பியானோ வந்தது. நிமிர்ந்து நிற்கும் சுவர்ப் பியானோ. மூன்றாவது மாடியிலிருந்து இறக்கினோம். அந்த எடை என் தோளில் நாலு நாள் குடியிருந்தது. சாமானை ஒப்படைத்த பெண், “அம்மா வர்ற வரைக்கும் கிடங்குல இருக்கட்டும்,” என்றாள். அம்மா எங்கே போயிருக்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்பது எங்கள் வேலை இல்லை.

கிடங்கில் இறக்கும்போது அதோடு வந்த உட்காரும் பெட்டியின் கீல் கழன்றுவிட்டது. எங்கள் கையில் கழன்றதை நாங்களே சரிசெய்ய வேண்டும். திருகாணி முறுக்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். அப்படித்தான் அந்த நோட்டு என் கைக்கு வந்தது. நீள நோட்டு. அட்டையில் மையினால், தலை நிமிர்ந்த எழுத்தில்: ‘பியானோ. வேலை முடிந்து வருபவர்களுக்கு. நாற்பத்தொரு பாடங்கள்.’

நான் வேலையிலிருந்து வருகிறவன்தானே. திறந்தேன்.

முதல் பாடத்தில் கட்டைகளைப் படமாகவே வரைந்து, எந்த விரல் எங்கே என்று எண் போட்டிருந்தது. அதன் மேலே, பியானோவுக்குச் சொந்தக்காரரான அந்த அம்மா எழுதியிருந்தார்: ‘உட்காருங்கள். இன்று வாசிக்க வேண்டாம். கையைக் கட்டைகளின் மேல் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். இன்றைய பாடம் இவ்வளவுதான். நீங்கள் ஏற்கனவே களைத்திருப்பீர்கள்.’

நான் களைத்திருப்பேன் என்று இதுவரை யாரும் எனக்கு எழுதியதில்லை.

ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் ஒரே கேள்வி இருந்தது: ‘இன்று கை எப்படி இருக்கிறது?’ அதை அடுத்துப் புள்ளிக்கோடு.

எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எந்தச் சாமானைத் தொடுவதற்கு முன்பும் லிஸ்டில் அதன் நிலையை எழுதவேண்டும். கீறல் உண்டா, ஆட்டம் உண்டா, வரும்போதே இருந்ததா. புள்ளிக்கோட்டைக் காலியாக விட்டால், பிறகு எது உடைந்தாலும் நம் தலையில்தான் விழும். இருபத்திரண்டு வருடமாக நான் ஒரு புள்ளிக்கோட்டையும் காலியாக விட்டவன் இல்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தேன். கை தானாக எழுதியது: ‘இடது தோள் இறுக்கம். வலது உள்ளங்கைத் தோல் உரிந்துள்ளது. கட்டை விரல் நகம் கறுப்பு, வரும்போதே இருந்தது. மற்றபடி நல்ல நிலை.’

எழுதி முடித்தபிறகுதான் அது இன்னொருவர் நோட்டு என்று உறைத்தது.

“அழிச்சிடுண்ணே,” என்றாள் தங்கை.

“அப்புறம் அழிச்சுக்கலாம். பென்சில்தானே,” என்றேன்.

கீலை முறுக்கிய பிறகும் நோட்டு வெளியேதான் இருந்தது. இரண்டாம் நாள் மதியம் பியானோவின் மூடியைத் திறந்தேன். போர்வையைக் கழற்றவில்லை, முன்பக்கம் மட்டும் விலக்கிவிட்டேன். போர்வைக்குள்ளிருந்து வந்த அந்த முதல் ஒலி, தூக்கத்தில் யாரோ ‘ம்’ என்று சொன்னதுபோல் இருந்தது.

பிறகு மதியம் என்பதே எனக்கு வேறு ஒரு இடமாகிவிட்டது. சோற்றை நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடுவேன். ஆறாம் பாடத்தில் அவர் எழுதியிருந்தார்: ‘சுண்டு விரலைத் திட்டாதீர்கள். வாழ்நாள் முழுக்க அதைச் சும்மா உட்காரவைத்துவிட்டு, திடீரென்று வேலைக்குக் கூப்பிட்டால் முறைக்கத்தான் செய்யும்.’ நான் சுண்டு விரலிடம் மன்னிப்புக் கேட்காத குறை. பத்தாம் பாடத்தில், ‘இங்கே எல்லோரும் அவசரப்படுவார்கள். உங்களுக்கு என்ன அவசரம்? பஸ் போய்விட்டது. உட்காருங்கள்.’

பதினான்காம் பாடம் இடது கைக்கானது. ‘இடது கை கீழே நின்று தாங்கும். வலது கை மேலே நடக்கும். தாங்குகிறவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் கையை விட்டால் மட்டும் எல்லோரும் பார்ப்பார்கள்.’ இதைப் படித்துவிட்டு அன்று வாசிக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது மாடியிலிருந்து யார் தன் பியானோவைத் தாங்கி இறக்கினார்கள் என்று இவருக்குத் தெரியுமா? அன்றைய புள்ளிக்கோட்டில் எழுதினேன்: ‘இடது கை நல்ல நிலை. பாராட்டியதற்கு நன்றி சொல்லச் சொன்னது.’

வீட்டிலும் விரல் நிற்கவில்லை. தூக்கத்தில் கனவு வரும். முடிவில்லாத படிக்கட்டில் எதையோ இறக்கிக்கொண்டிருப்பேன். மிதிக்கிற படியெல்லாம் ஒலிக்கும். கையில் பாரம் இருக்காது, ஆனால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஒரு விடியற்காலை மனைவி என் கையைத் தட்டிவிட்டாள்.

“என்னதான் பண்றீங்க? என் முதுகு என்ன பியானோவா?”

“பதினாறாம் பாடம்,” என்றேன், கண் திறக்காமல்.

“பதினாறாவது வரைக்கும் போயாச்சா? சொல்லவே இல்ல,” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கிடங்கில் நாங்கள் மூவரும் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தது இருபதாம் பாடத்துக்குப் பிறகு. நான் இரண்டு கையாலும் நாலு வரிசை வாசிப்பேன், தங்கை அலமாரியை அதிரவைப்பாள், மாப்பிள்ளை நாற்பது முதல் பாடங்களில் எது பொருந்துகிறதோ அதைப் போடுவான். ஒருநாள் அவன் கிட்டாரைப் பியானோவோடு ஒத்துப் பார்த்துக் கம்பிகளை முறுக்கினான். மறுநாள் வீடியோவோடு சேர்ந்து வாசித்துவிட்டு முகம் சிவந்து வந்தான்.

“மச்சான், இந்த நாப்பது பேரும் சுருதி தப்பா வெச்சிருக்கானுங்க.”

தங்கை நிமிரவே இல்லை. “நாப்பது பேரும் தப்பு, நீங்க ஒருத்தர் மட்டும் சரி. இத நான் கல்யாணத்துக்கு முன்னாடியே கேட்டிருந்தா தப்பிச்சிருப்பேன்.”

ஆப்பில் பார்த்தபோது விஷயம் புரிந்தது. பல வருடம் யாரும் முறுக்காத பியானோ அது. எல்லாக் கம்பியும் ஒன்றுபோல அரைச் சுரம் இறங்கிக் கிடந்தது. நாங்கள் மூவரும் அந்த இறங்கிய பியானோவோடு சேர்ந்து இறங்கியிருந்தோம். உலகம் ஒரு சுருதியில், எங்கள் கிடங்கு அதற்குக் கொஞ்சம் கீழே. எனக்கு அது பிடித்திருந்தது. கீழே நிற்பது எனக்குப் பழக்கம்தான்.

முப்பத்து மூன்றாம் பாடம் வந்த வாரத்தில் ஒரு நாள், இரண்டு கதவு வைத்த ஃபிரிட்ஜை லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலு மாடி ஏற்றியிருந்தோம். அன்று உடம்பின் நிலை புள்ளிக்கோட்டில் அடங்கவில்லை. ஓரத்தில் எழுதி, அதுவும் போதாமல் வரிசைகளுக்கு நடுவிலும் எழுதினேன். அந்த நோட்டில் டீச்சரம்மா (அப்படித்தான் நாங்கள் அவரை அழைக்க ஆரம்பித்திருந்தோம்) பாடங்களை மையில் எழுதியிருந்தார். பிற்பாடு தோன்றியதைச் சில இடத்தில் பென்சிலில் சேர்த்திருந்தார். முப்பத்து மூன்றில் மூன்றாம் வரிசைக்குக் கீழே அப்படி ஒரு பென்சில் வரி உண்டு. அந்த வரியைப் படித்த பிறகுதான் அந்தப் பாடம் எனக்குத் திறந்தது. இரண்டு கைகளும் அதுவரை ஒரே லாரியில் போகிற அந்நியர்களாக இருந்தன. அன்று பேசிக்கொண்டன. அலமாரியில் கன்னம் வைத்திருந்த தங்கை வாசிப்பதை நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளையும் நிறுத்திவிட்டான். நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். வெயில் கட்டைகளின்மேல் ஏறி என் மணிக்கட்டு வரை வந்திருந்தது. தோள் வலித்தது. அந்த வலியும் எங்களோடு சேர்ந்து ஏதோ ஒரு சுரம் பிடித்ததுபோல் இருந்தது.

முப்பத்தெட்டாம் பாடத்தில் இருந்தபோது மேனேஜர் சாப்பிடப் போகும் முன் தலையை நீட்டிச் சொன்னார்: “அந்தப் பியானோ நாளைக்குக் காலையில டெலிவரி. அந்தம்மா புது வீட்டுக்கு வந்துட்டாங்களாம். மூணு மணிக்கு நான் வந்து செக் பண்ணுவேன், ரெடியா இருக்கட்டும்.”

மூன்று பாடம் பாக்கி. அதைப்பற்றி வருத்தப்பட நேரம் இல்லை. முப்பத்தெட்டுப் பக்கங்களிலும் என் எழுத்து இருந்தது. மேனேஜர் பெட்டியைத் திறந்து நோட்டைப் புரட்டினால் மூன்று சம்பளமும் போய்விடும்.

“அப்பவே அழிச்சிடுன்னு சொன்னேன்,” என்றாள் தங்கை.

“அப்ப ஒரு வரி. இப்ப முப்பத்தெட்டு வரி. ரேட்டு ஏறிடுச்சு,” என்றான் மாப்பிள்ளை.

“சிரிக்காதீங்க மாப்ள, ரப்பர் எங்க?”

பெட்டிகளில் எழுதுவதற்காக வைத்திருக்கும் டப்பாவில் ஒரு ரப்பர் கிடைத்தது. பியானோவின்மேல் நோட்டை வைத்து ஒவ்வொன்றாக அழித்தேன். தோள் இறுக்கம் போனது. கறுத்த நகம் போனது. இடது கை சொன்ன நன்றி போனது. மூன்று மாதமாக ஒருவர் என்னைத் தினமும் ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்டதற்கு நான் சொன்ன பதிலையெல்லாம் நானே தின்றுகொண்டு வந்தேன். முப்பத்து மூன்றாம் பக்கத்தில் என் எழுத்து எங்கும் பரவிக் கிடந்தது. வெளியே ஏதோ வண்டிச் சத்தம்.

“அண்ணே, மேனேஜர் வர்றாரு!”

வேகமாகத் தேய்த்தேன். வந்தது மேனேஜர் இல்லை, தண்ணீர் வண்டி. மூச்சை விட்டுவிட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. தேவைக்கு மேல் சுத்தமாக இருந்தது. மூன்றாம் வரிசைக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மெல்லிய பள்ளம் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை.

“என்ன எழுதியிருந்தாங்க?” என்று கேட்டாள் தங்கை.

வாயைத் திறந்தேன். வரவில்லை. ஐம்பது தடவையாவது படித்த வரி. எத்தனை சொல் என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

“நீ படிச்சதில்லையா?”

“நான் எதுக்குப் படிக்கணும்? என்கிட்ட பூனை இருக்கு.”

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தான். “நானும் ஒரு தடவை பார்த்தேன் மச்சான். ஆனா படிச்சத மறக்கிறதுதான் எனக்குப் பழக்கம்னு உங்களுக்கே தெரியும்.”

மேனேஜர் மூன்று மணிக்கு வந்தார், போர்வையைத் தட்டினார், போனார். பெட்டியைத் திறக்கவே இல்லை.

புது வீடு தரைத்தளத்தில் இருந்தது. இரண்டே அறை. படிக்கட்டு இல்லாத டெலிவரி எங்களுக்குப் பண்டிகை மாதிரி இருக்கவேண்டும். அன்று அப்படி இல்லை. அந்தப் பெண், மகள், கதவைத் திறந்து ஜன்னல் ஓரமாக இடம் காட்டினாள். அறையின் நடுவில் கை வைத்த நாற்காலியில் டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். அவருடைய வலது கை மடியில் ஒரு சின்னத் தலையணையின்மேல் படுத்திருந்தது, வேறு யாருடைய கையையோ பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் விட்டுவிட்டுப் போனதுபோல.

பியானோவை நிறுத்தினோம். “பெட்டியைக் கொண்டாங்க,” என்றார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக இறங்கி வந்தது. இடது கையால் மூடியைத் தூக்கி நோட்டை எடுத்து, விரித்தார். பக்கங்களுக்கு நடுவிலிருந்து ரப்பர் தூள் அவர் புடவையில் கொட்டியது.

அதை விரலால் தொட்டுப் பார்த்தார். “யார் அழிச்சது?”

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தான். தங்கை போர்வையை மடித்தாள், மடித்ததையே மறுபடி மடித்தாள். பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. எழுதியதே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தத் தலையணையைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை.

“நான்தான் டீச்சர்.”

“எதை?”

“என் பதிலை. கை எப்படி இருக்குன்னு கேட்டிருந்தீங்க.”

மகள் கையில் போன் வந்துவிட்டது. “அம்மா, இவங்க நம்ம பியானோவை எடுத்து வாசிச்சிருக்காங்க. நான் கம்பெனிக்குப் பேசறேன்.”

டீச்சரம்மா இடது கையைத் தூக்கினார். மகள் நின்றாள்.

“எப்படி இருந்துச்சு?” என்று என்னைக் கேட்டார்.

“எது டீச்சர்?”

“கை.”

நினைவில் இருந்ததைச் சொன்னேன். தோள் இறுக்கம். தோல் உரிந்தது. நகம் கறுப்பு, வரும்போதே இருந்தது. அதற்கு அவர் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. மறு பாதி கொஞ்சம் கழித்து வந்து சேர்ந்துகொள்ளப் பார்த்தது.

“இந்த நோட்டை பதினோரு பேருக்குக் கொடுத்தேன்,” என்றார். “பதினோரு பேரும் அந்த இடத்தைக் காலியா விட்டாங்க. பன்னிரண்டாவதா ஒருத்தர் எழுதினார். அவரும் அழிச்சுட்டார்.”

பக்கம் புரட்டிக்கொண்டே போனார். முப்பத்து மூன்றில் விரல் நின்றது. எனக்குத் தெரியும், அங்கேதான் நிற்கும்.

“இங்க ஒரு வரி இருந்தது.”

“ஆமா டீச்சர். தெரியாம அதுவும் சேர்ந்து போயிடுச்சு.”

“என்ன வரி?”

“ஞாபகம் இல்ல டீச்சர்.”

அவர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எனக்கும் இல்ல,” என்றார்.

மகள் போனை மேஜைமேல் வைத்துவிட்டு எங்களிடம் தணிந்த குரலில் சொன்னாள்: பக்கவாதம், மூன்று மாதம் ஆஸ்பத்திரி, பேச்சு திரும்பிவிட்டது, சில சொற்கள் மட்டும் திரும்பவில்லை. எழுத்து வராது.

“என் காது கெட்டுப்போகல,” என்றார் டீச்சரம்மா, அவளைப் பார்க்காமல். “மறந்ததெல்லாம் நோட்டுல பத்திரமா இருக்குன்னு நினைச்சு படுத்திருந்தேன்.” பிறகு என்னிடம், “வாசிங்க. முப்பத்து மூணு.”

“இப்பவா?”

“கைக்கு ஞாபகம் இருக்கும்.”

உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதில் ஒரு துண்டு வெயில். முதல் வரிசை போனது. இரண்டாம் வரிசை போனது. கிடங்கின் தூசி இந்த அறைக்குள்ளும் வந்து மிதப்பதுபோல் இருந்தது. மூன்றாம் வரிசையின் முடிவில் என் இடது கை, நான் சொல்லாமலே, கட்டையை விட்டு எழுந்தது. பாரத்தை இறக்கி வைப்பதற்கு முன் தரை எங்கே என்று கால் தேடுமே, அந்த ஒரு நொடி. வலது கை இரண்டு சுரம் தனியாகப் போனது. அதற்குப் பிறகுதான் இடது கை, தாமதமாக, மெதுவாகக் கீழே வந்து அதைத் தாங்கியது.

“அங்க!” என்றார் டீச்சரம்மா. நாற்காலியில் முன்னால் சாய்ந்திருந்தார். “இடது கை ஏன் நின்னுச்சு?”

“அந்த வரி அப்படித்தான் டீச்சர் சொல்லுச்சு.”

“எப்படிச் சொல்லுச்சு?”

மறுபடி வாசித்தேன். அதே இடத்தில் கை எழுந்தது, காத்தது, இறங்கியது. அவருடைய உதடுகள் அசைந்தன. என் உதடும் அசைந்தது. இருவர் வாயிலும் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது முறை வாசித்தபோது தலையணைமேல் இருந்த அவர் வலது கையின் சுண்டு விரல் இலேசாக ஆடியது. அது என் கண்ணின் மயக்கமாகவும் இருக்கலாம். மகள் பார்க்கவில்லை.

“கம்பெனிக்குச் சொல்லட்டுமா வேண்டாமாம்மா?” என்று கேட்டாள் மகள்.

“சொன்னா இவரை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் இவர் எதுக்கு இங்க வரணும்? என் வரி என்னாகும்?” என்றார் டீச்சரம்மா. “ஞாயித்துக்கிழமை வாங்க. யோசிச்சுட்டு வாங்க.”

நாலு ஞாயிறு போயிருக்கிறேன். போகும்போதெல்லாம் ஒரு வரியை யோசித்துக்கொண்டு போவேன். முதல் வாரம், ‘இங்கே மூச்சு விடுங்கள்’ என்று தங்கை சொல்லி அனுப்பினாள்.

“இவ்வளவு மொட்டையா நான் எழுத மாட்டேன்,” என்றார் டீச்சரம்மா.

இரண்டாவது வாரம் மாப்பிள்ளை ஒன்று சொன்னான், ‘இடது கையே, கொஞ்சம் பொறு, வலது கை வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்’ என்று. டீச்சரம்மா அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். “நல்லா இருக்கு. ஆனா இது டிரைவர் எழுதினது,” என்றார். மூன்றாவது வாரம் நான் சொந்தமாக ஒன்று சொன்னேன். ராத்திரி முழுக்க யோசித்தது. அவர் தலையை ஆட்டினார். “இது உங்க வரி. என் வரி கொடுங்க.”

வாசிப்பேன். கை அதே இடத்தில் எழும், நிற்கும், இறங்கும். அந்த வரி என் மணிக்கட்டுக்குள் எங்கேயோ இருக்கிறது. வாய்க்கு வரும் வழியில் எந்தப் படியிலோ உட்கார்ந்துவிடுகிறது. மீதி மூன்று பாடத்தை அவர் இன்னும் தொடவிடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

முப்பத்து மூன்றாம் பாடத்தில், மூன்றாம் வரிசைக்குக் கீழே, டீச்சரம்மா தன் கையால் பென்சிலில் எழுதிய ஒரு வரி. அதை நான் அவருக்குத் திருப்பித் தரவேண்டும். இன்னும் தரவில்லை.